ஸ்கார்பரோ சண்டைக்குச் சேத்தியாத்தோப்பு சாட்சி

சேத்தியாத்தோப்பு,
தைப்பூசம் முடிந்த வாரம்

அடி கண்ணு,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன புதிதில் உனக்குக் குளிர் கோட்டு கொடுத்து, பிள்ளைப்பேறு பார்த்து, புட்டும் சம்பலும் போட்டு உன்னைத் தேற்றின யாழ்ப்பாணத்து அக்காவோடு பேச்சு வார்த்தை இல்லையாமே! அதுவும் யாருக்காக? நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மல்லுக்கட்டின இரண்டு பேருக்காக. ஸ்கார்பரோவில் லிப்டில் ஏறினால் நீ ஒரு பக்கச் சுவரைப் பார்க்கிறாய், அவர் ஒரு பக்கச் சுவரைப் பார்க்கிறார். நல்ல கூத்துடி.

"வள்ளலாரைப் பழிச்ச ஆளுக்கு ஊருக்கு ஊர் சிலையா?" என்று நீ ஆரம்பித்தாயாம். "நாவலர் இல்லையெண்டால் உங்கட ஆக்களுக்கு இண்டைக்குப் பெரியபுராணம் எங்கால?" என்று அவர் கேட்டாராம். உடனே என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய். நான் தமிழ் டீச்சராக இருந்தவள், வடலூருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன், ஆகையால் உன் கட்சி என்று நீயாக முடிவு பண்ணிவிட்டாய். கொஞ்சம் பொறு. நம்ம ஊர் எங்கே இருக்கிறது என்று மறந்துபோச்சா? குறுக்குரோட்டில் நின்று பண்ருட்டி பஸ் ஏறினால், வடலூரில் வள்ளலார் 1867இல் பசித்தவர்களுக்காகப் பற்றவைத்த அடுப்பு. எதிர்ப்பக்கம் சிதம்பரம் பஸ் ஏறினால் நாவலர் 1864இல் தொடங்கின பள்ளிக்கூடம். இரண்டுக்கும் நடுவில் டீ குடிக்கிற ஊர் நம்முடையது. அதனால் உனக்குச் சாதகமாக மட்டும் சொல்வேன் என்று நினைக்காதே.

முதலில் கதையை ஒழுங்காகத் தெரிந்துகொள். பள்ளியில் நம் டீச்சர் நடத்தினது பாதிதான்.

1867இல் சென்னையில் வள்ளலார் பாடின திருவருட்பா அச்சாகி வந்தது. முதல் நான்கு திருமுறை. அதற்கு முன்னால் நடந்த பாடு பெரிய கதை. இறுக்கம் ரத்தின முதலியார் என்று ஓர் அன்பர். பாட்டெல்லாம் கைக்கு வந்து சேரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று அடம் பிடித்திருக்கிறார். வள்ளலார் பதறிப்போய், அப்படியெல்லாம் பட்டினி கிடக்காதே, பாட்டை அனுப்புகிறேன் என்று கடிதம் எழுதியிருக்கிறார். இன்னொரு கடிதத்தில், புத்தகத்தில் என் பெயரை இராமலிங்கசாமி என்று போடாதே, ஆரவாரமாகத் தெரிகிறது என்கிறார். அவர் வேண்டாம் என்றது 'சாமி'யை. தொழுவூர் வேலாயுத முதலியார் என்ன செய்தார் தெரியுமா? 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்றே போட்டுவிட்டார்! பாட்டுகளைத் திருமுறை திருமுறையாக வகுத்தார். இந்த அருட்பா எப்படித் தோன்றியது என்று வரலாறு வேறு பாட்டிலேயே பாடிச் சேர்த்தார். கேட்டவர் ஒன்று கேட்க, தொண்டர் ஒன்று செய்ய. நம்ம ஊர்க் கட்சிக்காரர்கள் பேனர் வைக்கிற மாதிரிதான் என்று வைத்துக்கொள்.

அங்கேதான் நாவலருக்குக் கோபம் வந்தது. அவர் யார்? பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தவர். அந்தப் பழக்கத்தில் மிஷன்காரர்களின் ஆயுதம் எது என்று கண்டுகொண்டார்: அச்சு இயந்திரம், சின்னச் சின்னப் புத்தகம், வீதிப் பிரசங்கம். அதையே எடுத்து அவர்கள்மேல் திருப்பினார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848இல் பள்ளிக்கூடம், அடுத்து அச்சுக்கூடம், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்'. ஏட்டுச்சுவடியில் பூச்சி அரித்துக்கொண்டிருந்ததைப் பிழை பார்த்து அச்சில் ஏற்றியவர். அக்கா சொன்ன பெரியபுராணக் கணக்கு சரிதான். அந்த இடத்தில் நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்குத் திருமுறை என்றால் பன்னிரண்டுதான், அருட்பா என்றால் தேவாரம், திருவாசகம் முதலியவைதான். கருங்குழியில் உட்கார்ந்து பாடுகிற ஒருவர் பாட்டுக்கு அதே பெயரா? போதாததற்கு, வடலூரில் அற்புதம் நடக்கும், செத்தவர் எழுந்து வருவார் என்று ஊரெல்லாம் பேச்சு. 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. அட்டையில் மாவண்டூர் தியாகேச முதலியார் பெயர். கை யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு வேறு பெயரில் அக்கவுண்டு திறந்து திட்டுகிறார்களே, அது ஒன்றும் புதிய வித்தை இல்லை.

அப்புறம் பற்றிக்கொண்டது பார். மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, அதற்குக் கண்டனம். 'குதர்க்காரணிய நாச மகாபரசு' என்று ஒரு கண்டனத்துக்குப் பெயர். வாசலில் எழுதி மாட்டினால் திருடன் வரமாட்டான். ப. சரவணன் என்கிற ஆய்வாளர் இதையெல்லாம் தேடிப்பிடித்து 'அருட்பா மருட்பா: கண்டனத் திரட்டு' என்று தொகுத்தாரே, காலச்சுவடு போட்டது, தூக்கவே இரண்டு கை வேண்டும். கோடை விடுமுறையில் படுத்துக்கொண்டு படித்தேன். சீரியல் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

இதில் சிதம்பரம் தீட்சிதர்கள் எங்கே வந்தார்கள் என்று கேள். அவர்களுக்கும் நாவலருக்கும் ஏற்கெனவே ஆகாது. நீங்கள் ஆகமப்படி சிவதீட்சை பெறாதவர்கள் என்று நாவலர் அவர்களைப் போட்டுத் தாக்கியிருந்தார். எதிரிக்கு எதிரி நண்பன். 1869இல் ஆனித் திருமஞ்சன சமயத்தில் கோயில் பேரம்பலத்தில் ஒரு கூட்டம் போட்டு வள்ளலாரையும் அழைத்து வைத்துக்கொண்டார்கள். நாவலரைக் கண்டபடி பேசினார்கள். நாவலர் விடுவாரா? நேரே மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போய் மானநஷ்ட வழக்கு.

வள்ளலார் உள்ளே வந்ததும் நீதிபதி முதல் எல்லாரும் எழுந்து நின்றார்கள், வழக்குப் போட்ட நாவலரே எழுந்துவிட்டார், அதைப் பார்த்து வழக்கைத் தள்ளிவிட்டார்கள் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. நீயும் அதைத்தான் அக்காவிடம் எடுத்துவிட்டிருப்பாய். கதை கேட்க அழகாக இருக்கிறது. அதைச் சொல்கிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள்: வள்ளலாரை விடுவித்த அந்தக் கோர்ட்டு, தீட்சிதருக்கு 50 ரூபாய் அபராதம் போட்டது. நாவலர் வெறும் கையோடு திரும்பவில்லை. போய்ச் சொல்லு, அக்கா சந்தோஷப்படுவார்.

இரண்டு பேரும் போனபிறகாவது அடங்கிற்றா? அதுதான் இல்லை. அடுத்த தலைமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நா. கதிரைவேற்பிள்ளை சென்னையில் மறுபடி கிளப்பினார். அருட்பாவுக்காக எழுந்து நின்றவர் யார் தெரியுமா? கோட்டாற்றுச் செய்குதம்பிப் பாவலர், ஒரு முஸ்லிம்! சைவப் பாட்டு சைவப் பாட்டுதானா என்று சைவர்கள் அடித்துக்கொள்கிற இடத்தில் அவர் போய், அருட்பாதான் என்று மேடை ஏறி நிறுவினார். காஞ்சிபுரத்தில் யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்பார்கள். கதிரைவேற்பிள்ளைமேலும் வழக்கு. அதில் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போய்ப் பள்ளி இறுதிப் பரீட்சையைக் கோட்டைவிட்ட மாணவர் ஒருவர் உண்டு, திரு.வி.க. அத்தோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. அந்தத் திரு.வி.க.தான் பின்னால் 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' எழுதினார். வாத்தியார் கட்சியில் நின்றவர், படித்துப் பார்த்துத் தானாக இந்தப் பக்கம் வந்தார். இந்த ஒரு மனுஷருக்காகவே இந்தச் சண்டை நடந்தது நல்லது என்று எனக்குத் தோன்றும்.

நிஜமாகச் சொல்கிறேன், நாவலர் எனக்கு ஒத்துவராதவர். அவருடைய சைவ வினாவிடையில் யார் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று சாதி பார்த்துச் சொல்கிற இடம் வருகிறதே, அதை வகுப்பில் பிள்ளைகள் முன்னால் என்னால் வாய்விட்டு வாசிக்க முடிந்ததில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்? சாதியும் வேண்டாம், வேத ஆகமச் சண்டையும் வேண்டாம் என்று ஆறாம் திருமுறையில் போட்டு உடைத்தவர் நம்மவர். ஆனால் அந்த ஆறாம் திருமுறை எப்போது அச்சாச்சு? 1885இல். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறைந்து பதினொரு வருஷம் கழித்து. வேலாயுத முதலியார் தயங்கினாரா, வள்ளலாரே இப்போது வேண்டாம் என்று நிறுத்தினாரா என்று சன்மார்க்கத்தார் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. எப்படியோ, நாவலர் 1879இல் கண்மூடும்வரை அந்தப் பாட்டு புத்தகமாக வரவில்லை. அவர் கண்டித்ததெல்லாம் கோயில் கோயிலாகப் பாடின சாதுவான பாட்டுகளை! மிச்சத்தையும் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்தாலே எனக்கு ஆசையாக இருக்கிறது.

இப்போது யார் கண்டிக்கிறார்கள்? எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள். அக்டோபர் 5 தனிப்பெருங்கருணை நாள், அரசு விழா. 2023 ஜூனில் ஆளுநர் ரவி வடலூருக்கு வந்து, சனாதன தர்மத்தின் உச்சம் வள்ளலார் என்று பேசிவிட்டுப் போனார். மறுநாளே இன்னொரு பக்கத்தார் சனாதனத்தை எதிர்த்தவர் வள்ளலார் என்று கிளம்பினார்கள். டிவி விவாதத்தில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கத்தினதைப் பார்த்தேன். ஒருவர் கையிலும் புத்தகம் இல்லைடி! அடுத்து 2024இல் வடலூர்ப் பெருவெளியில் வள்ளலார் பெயரில் சர்வதேச மையம் கட்டுகிற தகராறு. பார்வதிபுரத்துக்காரர்களின் முன்னோர் ஞானசபைக்கென்று எழுதிக்கொடுத்த நிலம், தைப்பூசத்துக்கு ஜனம் நிற்கிற வெட்டவெளி. அதைக் கட்டடமாக்காதே என்று அவர்கள் போராட, விஷயம் ஐகோர்ட்டுக்குப் போனது. இந்தச் சண்டையில் மட்டும் எனக்கு மரியாதை உண்டு. வெளியைக் காக்க நின்றவர்களுக்கு வள்ளலார் எழுதினது தெரிந்திருந்தது.

வளையமாதேவி சங்கதி உனக்கு அங்கே வந்ததா? நம்ம ஊரிலிருந்து கூப்பிடுதூரம். 2023 ஜூலை 26, என்.எல்.சி. கால்வாய் வெட்டப் பொக்லைனை இறக்கினது. பயிர் நின்ற வயல். நிலம் எப்போதோ கையகப்படுத்தினது என்று அவர்கள் சொல்ல, நட்டது எங்கள் நெல் என்று இவர்கள் சொல்ல. வாடின பயிரைப் பார்த்துத் தான் வாடினதாக வள்ளலார் பாடினாரே, அந்த ஒரு வரி அன்றைக்கு எல்லார் ஸ்டேட்டஸிலும் ஓடியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சினிமாக்காரர், லாரி ஓட்டுகிற என் கொழுந்தன் வரைக்கும். ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடு என்று ஐகோர்ட்டு சொன்னதோடு ஸ்டேட்டஸ் மாறிவிட்டது. அந்த வரிக்கு முன்பாட்டு என்ன, பின்பாட்டு என்ன என்று எவனாவது கேட்டானா பார்.

இனி நடந்த வேடிக்கையைச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பக்கத்தில் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டி. ரிடையர் ஆனவள் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன், வெண்கலக் குரல், வள்ளலாரும் சமத்துவமும் என்று பேசினான். நடுவில் ஒரு பாட்டை ராகம் போட்டு எடுத்துவிட்டான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகிறது. எனக்கு மட்டும் உறுத்தல். சொற்களெல்லாம் அவர் வீட்டுச் சாமான்தான், சோதி, கருணை, உயிர் என்று. ஆனால் மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது; 'ஏற்றத்தாழ்வு' என்று செய்தித்தாள் வாடை வேறு. போனிலேயே திருவருட்பா முழுசும் இருக்கிறதே, அங்கேயே தேடினேன். 5,818 பாட்டிலும் அந்தப் பாட்டு இல்லை.

மேடைக்குப் பின்னால் கூப்பிட்டு, "எங்கேடா தம்பி எடுத்தே?" என்றேன். பையன் கொஞ்சமும் பயப்படவில்லை. "ஏஐ கிட்ட கேட்டேன் மிஸ். சாதி வேணாம்னு வள்ளலார் பாடின பாட்டு ஒண்ணு குடுன்னேன். குடுத்துச்சு. எந்தத் திருமுறை, எத்தனாவது பாட்டுன்னுகூடப் போட்டிருக்கு பாருங்க" என்று காட்டினான். நிஜமாகவே நம்பர் போட்டிருந்தது! அந்த நம்பரில் வேறு பாட்டு இருக்கிறது. சாதி வேண்டாம் என்று அவர் நிஜமாகவே பாடினது எத்தனையோ கிடக்க, இயந்திரம் புதிதாக ஒன்றைச் சமைத்துக் கொடுத்திருக்கிறது.

கூட உட்கார்ந்திருந்த நடுவர் ஐயாவிடம் சொன்னேன். அவர் பழுத்த சன்மார்க்கி, அசைவம் சமைக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவர் சொல்கிறார்: "விடுங்கம்மா, கருத்து வள்ளலார் கருத்துதானே. பிள்ளை ஆசையாச் சொல்றான்." எனக்குச் சுருக்கென்றது. கருத்து சரியாக இருந்தால் பாட்டு யாருடையதாக இருந்தால் என்ன என்று ஒரு வள்ளலார் அன்பரே சொல்கிறார். அந்த நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், நாவலர் அந்த மூன்றாவது நாற்காலியில் இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். இந்தப் பெயரை இதற்கு எவன் கொடுத்தான் என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார். அவர் போலி என்று சொன்ன பாட்டு அசல். அசல் என்று நாங்கள் கைதட்டினதுதான் போலி. கடைசியில் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் பையனுக்கு இரண்டாம் பரிசு. அவன் வீட்டுக்காரர்கள் இன்னும் என்மேல் வருத்தமாக இருக்கிறார்கள், காய்கறிக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

வீடியோ வேறு வருகிறது தெரியுமா? நம் சொந்தக்காரர் குரூப்பில் வள்ளலார் நடந்து வருகிறார், வெள்ளை முக்காடு, காற்றில் அசைகிறது, கண் சிமிட்டுகிறார், காலை வணக்கம் சொல்லிப் பத்துப் பேருக்கு அனுப்பு என்கிறார். சென்னையில் மாசிலாமணி முதலியார் என்பவர் எட்டுத் தடவை போட்டோ எடுத்தும் துணிதான் விழுந்தது, உருவம் விழவில்லை என்று அடியார்கள் சொல்கிற ஆளை! பண்ருட்டிக் குயவர் ஒருவர் மண்ணில் உருவம் பிடித்து ஆசையாகக் கொண்டுவந்ததைக் கீழே போட்டு உடைத்தவர் என்றும் சொல்வார்கள். உருவமே வேண்டாம், சோதி போதும் என்றவர். வடலூர் ஞானசபைக்குள் லிங்கம் வைத்துப் பிரதோஷம் பண்ணினதை அறநிலையத் துறை 2006இல் நிறுத்தச் சொல்லி, 2010இல் ஐகோர்ட்டும் அதையே உறுதி செய்ததே, அதுகூட இந்த விஷயத்துக்குத்தான்.

என் தம்பி விருத்தாசலத்தில் செராமிக் யூனிட்டில் இருக்கிறானில்லையா, அவனிடம் ஒரு பார்ட்டி வந்து வள்ளலார் பொம்மை ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று போனில் ஏஐ படத்தைக் காட்டியிருக்கிறார். அவன் கஷ்டம் அவனுக்கு. பிளாஸ்டர் அச்சு ஒன்று செய்துவிட்டால் கூழ்பதத்துக் களிமண்ணை ஊற்றி ஊற்றி எடுத்துக்கொண்டே இருக்கலாம். காய்ந்ததும் ஓரத்துப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. முதல் அச்சில் என்ன மூக்கு வைக்கிறாயோ அதுதான் அத்தனைக்கும். "அக்கா, ஒவ்வொரு தடவை கேட்டா ஒவ்வொரு மூக்கு காட்டுது. எந்த மூக்கை வைக்கிறது?" என்று எனக்குப் போன் பண்ணுகிறான். எந்த மூக்கும் வேண்டாம், அகல்விளக்கு செய்து கொடு, அது போதும் என்றேன். பார்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி கார்த்திகைக்குப் பிறகு ஆர்டர் இல்லாமல் இருக்கிறான், அவனை மேலே கட்டாயப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

சரி, உன் சண்டைக்கு வருகிறேன். அக்காவிடம் போய் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அது உனக்கு வராது. இதைச் சொல். 1876, 77 பஞ்சத்தில் வண்ணார்பண்ணையில் நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அதற்குப் பத்து வருஷம் முன்னால் வடலூரில் வள்ளலார் அடுப்பு மூட்டினார். பாட்டில் ஒத்துப்போகாதவர்கள் கஞ்சியில் ஒத்துப்போயிருக்கிறார்கள். அதற்காக இரண்டு பேரும் ஒன்றுதான் என்று நீ சமாதானக் கொடி பிடிக்காதே. ஒன்று இல்லை, சாதி விஷயத்தில் ஒரு நாளும் இல்லை. அங்கே விடாதே, நன்றாகச் சண்டை போடு. ஆனால் படித்துவிட்டுப் போடு. நாவலர் வள்ளலாரைத் திட்டுவதற்காகவாவது வரிவரியாகப் படித்தார். நீ எங்கேடி படித்தாய்? பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது கணக்கில் சேராது.

அக்காவின் அப்பா விட்டுப்போன பெட்டியில் நாவலர் பதிப்பெல்லாம் கிடக்கிறது என்று ஒருமுறை சொன்னாயே. அதில் 'போலியருட்பா மறுப்பு' தனிப் புத்தகமாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல். இருந்தால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு. வெளிச்சத்தில் வைத்து எடு, வாட்ஸாப்பில் எச்.டி. போட்டு அனுப்பு, போன தடவை கல்யாணப் பத்திரிகை அனுப்பின மாதிரி மங்கலாக வேண்டாம். அக்காவே பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தால் உனக்கும் வேலை சுலபம். பதிலுக்கு நான் ஆறாம் திருமுறையைப் பார்சல் பண்ணுகிறேன், அவருக்கு. உனக்கு முறுக்குதான்.

என்றும் உன்,
சேத்தியாத்தோப்புக்காரி